கிண்ணத்தின் அடியில் தங்கிய கறிவேப்பிலை உப்பு

பாப்கார்னுக்கு வீட்டிலேயே கறிவேப்பிலை உப்பு செய்து பார்த்தேன். முதல் தடவை இரண்டு சிக்கல். தூவிய உப்பெல்லாம் கிண்ணத்தின் அடிக்குப் போய்விட்டது; மேலே இருந்ததில் சப்பென்று ஒரு ருசியும் இல்லை. மீதியைப் பாட்டிலில் வைத்தேன், நான்கே நாளில் கட்டி தட்டிவிட்டது.

இலையை நிழலில் ஒருநாள் காயவைத்தது போதவில்லை, உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. போதாததற்கு மழைக்காலம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். கல்லுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பே இழுக்க ஆரம்பித்துவிடும்.

அடுத்த முறை 50 கிராம் கல்லுப்பை வெறும் வாணலியில் படபடப்பு அடங்கும்வரை வறுத்தேன். இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை, கசக்கினால் பொடியாக நொறுங்கும்வரை சிறுதீயில் வறுத்தேன். ஆறு வரமிளகாய், சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், இவற்றையும் தனித்தனியாக வறுத்து, எல்லாம் நன்றாக ஆறிய பிறகுதான் அரைத்தேன். சூட்டோடு அரைத்தால் மிக்ஸி வியர்த்துப் பழைய கதைதான்.

அப்புறம் சலித்தேன். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உப்பு எண்ணெயில் கரையாது, ஒட்ட மட்டுமே செய்யும். மாவு போல இருந்தால்தான் ஒட்டும். பொரிந்த சூட்டிலேயே இரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுக் குலுக்கி, அதன்மேல் அரை டீஸ்பூன் தூவி மறுபடியும் குலுக்கினேன்.

கிண்ணம் காலியானபோது அடியில் உப்பே இல்லை. வறுத்த வேர்க்கடலைக்கு இது இன்னும் பொருத்தம்.