நக்கல் என்று எங்கே எழுதலாம், எங்கே கூடாது

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒருவர் பெட்டியைப் பாதி விலைக்குக் கேட்கிறார். விற்பவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "காசெல்லாம் எதுக்குண்ணே? வண்டி வெச்சு வீட்டுலயே கொண்டாந்து எறக்கிடறேன்" என்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்க, கேட்டவர் "என்னா, நக்கலா?" என்று முறைக்கிறார். நக்கலுக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. சொல்வது ஒன்று, பொருள் வேறு, குத்து வாங்க ஓர் ஆள்.

அந்த ஆளே இல்லாத இடத்திலும் நக்கல் என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. "பேச்சாளர் நக்கலாகப் பேசி அரங்கைக் கலகலப்பாக்கினார்" என்று விழாச் செய்தி எழுதுகிறார்கள். எழுதியவர் பாராட்டத்தான் நினைத்தார். படிப்பவருக்கோ, பேச்சாளர் மேடையில் யாரையோ மட்டம் தட்டியதாகத் தோன்றும். 'நகைச்சுவையாக' என்று போட்டிருந்தால் வம்பே இல்லை.

வினையாக்கும்போதும் கவனம் வேண்டும். நக்கல் அடிப்பார்கள், பண்ணுவார்கள், விடுவார்கள். கிண்டலடித்தான் என்பதைக் 'கிண்டினான்' என்று சுருக்கினால் அது அல்வா வேலை. நக்கலடித்தான் என்பதைச் சுருக்கினால் இன்னும் மோசம், நாக்கு வந்து சேர்ந்துவிடும்.

அப்புறம், ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். முறைக்காரர்களுக்குள் நடப்பது கேலி, கிண்டல். "என்ன மாமா, கிண்டல் பண்றீங்களா?" என்றால் அவரும் சேர்ந்து சிரிப்பார். அதே மாமாவிடம் "நக்கலா?" என்று கேட்டால் நீங்கள் சண்டைக்குத் தயார் என்று அர்த்தம். நையாண்டி கொஞ்சம் வேறு. அதில் ஆளைப்போல நடித்துக் காட்டுவதும் சேரும். தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் ராஜா வேஷத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்வது அதுதான்.

இந்தப் பேச்செல்லாம் சினிமா கொண்டுவந்த பழக்கம் என்பவர்கள் தருமபுரிக்காரர்களாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம். இந்த ஊர்தான் அன்றைய தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் பெருமையாகத் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவை பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுள்ள வீட்டில் இருக்கின்றன. எங்கள் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். ஒரு வசைச்சொல் கூடக் கிடையாது. நீ போருக்கே போனதில்லை என்பதை அவன் மாளிகையிலேயே நின்று சொல்லிவிட்டார்.

ஆனால் இதைத் தேர்வுத்தாளில் 'நக்கல்' என்று எழுதிவிடாதீர்கள். புகழ்வதுபோலப் பழிப்பதற்கு வஞ்சப்புகழ்ச்சி அணி என்று பெயர் இருக்கிறது. தொல்காப்பியம் பழியை மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு அங்கதம் என்கிறது. நேராகவே திட்டினால் அது செம்பொருள் அங்கதம். மண்டிக்காரர் செய்தது பழிகரப்பு.

எழுத்தில் இன்னொரு சிக்கல், குரல் கேட்காது. சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் "விருந்து பிரமாதம், உப்புதான் கடையில் கிடைக்கலை போல" என்று போட்டால் பந்தியில் சாப்பிட்டவர்கள் சிரிப்பார்கள். சமைத்தவர் வீட்டில் இரண்டு நாள் பேச்சு இருக்காது. அதை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.