சண்டைக்குப் பிறகு சமாதானம்: யார் முதலில் போவது, போய் என்ன சொல்வது

ஒரே திருவிருந்தில் பங்கெடுத்துவிட்டு, ஆலய வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் அண்ணன் தம்பிகள் நம் சபைகளில் உண்டு. சொத்துப் பாகம், அம்மாவின் மருத்துவச் செலவு, கல்யாண வீட்டில் விழுந்த ஒரு வார்த்தை என்று காரணம் எதுவானாலும், "அவனே முதலில் வரட்டும்" என்றுதான் இருவரும் காத்திருக்கிறார்கள்.

இயேசு இதற்கு இடமே வைக்கவில்லை. மத்தேயு 5:23-24இல், பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தவர், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். 18:15இல், குற்றத்துக்கு ஆளானவர் போகவேண்டும். தப்பு எந்தப் பக்கம் இருந்தாலும் முதல் அடி உங்களுடையது. காணிக்கையைப் பற்றி இயேசு சொன்ன மலைப்பிரசங்கம் நடந்தது கலிலேயாவில்; பலிபீடம் இருந்ததோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், எருசலேமில். காணிக்கையை வைத்துவிட்டு ஊருக்குப் போய் வருவதென்றால் பல நாள் நடை. அதையும் செய்யத்தான் சொன்னார்.

ஆனால் கொதிப்போடு போகாதீர்கள். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக" என்ற எபேசியர் 4:26ஐப் பிடித்துக்கொண்டு, இரவு 11 மணிக்கு வழக்கை முடிக்க உட்கார்ந்தால் இரண்டாவது சண்டைதான் வரும். அந்த வசனம் தணியச் சொல்வது எரிச்சலை. கணக்கு வழக்கு காலையில் ஆகட்டும். "இப்ப பேசினா வார்த்தை தடிச்சிரும், நாளைக்குக் காலையில நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி போங்கள். போகாமல் விட்டால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

போவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் பங்கை மட்டும் இரண்டு மூன்று வரி எழுதிப் பாருங்கள். அவர் செய்தது ஒரு வரிகூட அதில் வரக்கூடாது. இயேசு சொன்ன உவமையில், வீட்டைவிட்டுப் போய்க் கெட்டுப்போன குமாரனும் தகப்பனிடம் சொல்ல வேண்டியதைத் தூரதேசத்திலேயே தீர்மானித்துக்கொண்டுதான் எழுந்து வந்தான் (லூக்கா 15:18-19).

பெரும்பாலும் காரியம் கெடுவது மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தில்தான். "நான் ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிரு" என்பதில் எந்தத் தப்பும் ஒத்துக்கொள்ளப்படவில்லை. "தம்பி, அத்தான் முன்னாடி உன் கடனைச் சொல்லிக் காட்டினேன். அது தப்பு. என்னை மன்னிச்சிரு." இவ்வளவு போதும். இதன் பின்னால் "ஆனா நீயும்..." என்று தொடங்கினால் சொன்னது முழுவதும் வீண். வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அவர் பத்து நிமிடம் கொட்டித் தீர்க்கலாம். நடுவில் திருத்த வேண்டாம். உங்கள் மனக்குறை உண்மையானதாகவே இருந்தாலும் அதை இன்னொரு நாள் பேசலாம்.

நேரில் போங்கள். தூரமாக இருந்தால் ஃபோனில் பேசுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் வசனம் அனுப்புவது சமாதானம் ஆகாது; பார்ப்பவருக்கு அது குத்தலாகத்தான் படும். அதைவிட மோசம், வீட்டுக் கூட்டத்தில் "என் தம்பிக்காக ஜெபியுங்கள்" என்று விவரத்தோடு ஜெபக்குறிப்புக் கொடுப்பது. அவர் காதுக்கு அது கட்டாயம் போய்ச் சேரும்.

நாலு பேர் முன் பேசிய சொல்லை அந்த நாலு பேருக்கும் தெரியத் திரும்பப் பெறுங்கள். பணம் என்றால் தொகையையும் தேதியையும் சொல்லுங்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான் (லூக்கா 19:8). சேர்ந்து ஜெபிப்பது இதற்கெல்லாம் பிறகு, அவரும் விரும்பினால்.

பேச்சு ஒத்துவராவிட்டால் மத்தேயு 18:16 சொல்கிறபடி ஒருவரையோ இருவரையோ கூட்டிப்போங்கள். உங்களுக்காக வாதாட ஆள் தேடாதீர்கள். அவரும் மதிக்கிற பெரியவராகப் பாருங்கள். ஆயரிடமும் சபையிடமும் போவது அதற்கும் அப்புறம்தான். கதவு திறக்கவே இல்லையா? "கூடுமானால் உங்களாலான மட்டும்" சமாதானமாயிருங்கள் என்றுதான் ரோமர் 12:18 சொல்கிறது. விசேஷத்துக்கு அழைப்பதையும், துக்கத்துக்குப் போய் நிற்பதையும் மட்டும் நிறுத்தாதீர்கள்.

அடி உதை இருக்கும் வீட்டுக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே தனியாகப் போய்ப் பேசச் சொல்வது ஆபத்து. "மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போ" என்று அனுப்புவது பாவம். முதலில் பாதுகாப்பான இடம், பெண்களுக்கான 181 உதவி எண், தேவைப்பட்டால் காவல்துறை. அடித்தவர் மனந்திரும்பியதாகச் சொன்னால், மாதக்கணக்கில் அவர் நடந்துகொள்கிற விதத்தில் அது தெரியட்டும். அதுவரை சேர்ந்து வாழும் பேச்சை யாரும் எடுக்க வேண்டாம்.