‘இதே மாதிரி வேற என்ன இருக்கு?’ என்று கேட்பவருக்கு அனிமே, மங்கா பரிந்துரைப்பது எப்படி?

2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் என்ற அனிமேயின், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரின், இன்ஃபினிட்டி காசில் படம் தியேட்டருக்குத் தமிழ் பேசிக்கொண்டே வந்தது. அதற்குப் பிறகு சேலத்தில் எங்கே தட்டுவடை செட் சாப்பிட நின்றாலும், அனிமே பற்றியும் மங்கா என்ற ஜப்பானியக் காமிக்ஸ் பற்றியும் பேசும் ஒரு கூட்டம் பக்கத்தில் இருக்கிறது. நாம் நாலு தொடர் கூடுதலாகப் பார்த்தவர் என்று தெரிந்தால் போதும், “அண்ணா, இதே மாதிரி வேற சொல்லுங்க” என்று வந்துவிடுவார்கள். நல்ல பதில் சொல்ல ஒரு முறை இருக்கிறது.

படி 1: எந்தக் காட்சி என்று கேளுங்கள்

“ஆக்‌ஷன் பிடிக்குமா, த்ரில்லர் பிடிக்குமா?” என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. “எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாய்?” என்று கேளுங்கள். மொத்த வேலையில் பாதி இந்த ஒரு கேள்விதான்.

டெத் நோட்டை எடுத்துக்கொள்வோம். 37 எபிசோடு. பெயரை எழுதினால் ஆள் சாகும் நோட்டு ஒரு மாணவன் கையில் கிடைக்கிறது. ஒருவர், “நல்லது செய்யறேன்னு தொடங்கி அவன் எங்கே போய் நிற்கிறான் பாருங்க, அதுதான்” என்பார். அவருக்கு கோட் கியாஸ். இன்னொருவரை உலுக்கியது உயிரின் விலை பற்றிய கேள்வி. அவருக்கு மான்ஸ்டர். தான் காப்பாற்றிய சிறுவனே கொலைகாரனாக வளர்ந்துவிட்டான் என்று அறியும் டாக்டரின் கதை அது. மூன்றாமவருக்கோ அந்த மாணவன் லைட்டும் அவனைத் துரத்தும் துப்பறிவாளன் எல்லும் ஒருவர் மனதை ஒருவர் படித்து மடக்கும் ஆட்டம்தான் உயிர். அவருக்கு நான் தயங்காமல் காகுயா-சாமா சொல்வேன். அது காதல் நகைச்சுவை! யார் முதலில் காதலைச் சொல்வது என்று இரண்டு மகா புத்திசாலிகள் போடும் சண்டை. வகை வேறு, ஆனால் பிடித்து இழுக்கும் கயிறு அதேதான்.

படி 2: அந்த ஈர்ப்பை ஒரே வரியில் எழுதுங்கள்

எழுதும்போது விளையாட்டு, பேய், மாயம் போன்ற சொற்கள் வரக்கூடாது. வாலிபால் அனிமேயான ஹைக்யூ பார்த்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தம்பி காந்தி ஸ்டேடியத்தில் வாலிபால் பயிற்சிக்குப் போகிறவன். அவன் கண் ஆட்டத்தின் நுணுக்கத்தில் இருக்கும், கூடைப்பந்துக் கதையான ஸ்லாம் டங்க் கொடுக்கலாம். இன்னொருவர் பந்தையே தொடாதவர். ‘ஒன்றின்மேல் பைத்தியமாகி, தெரியாத இடத்திலிருந்து ஏறி வருவது’ என்பது அவர் வரி. அவரிடம் ப்ளூ பீரியட் கொடுங்கள். படிப்பில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் திடீரென்று ஓவியத்தில் விழுந்து, கலைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் கதை.

படி 3: எழுதியவரைப் பின்தொடருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்த என் சித்தப்பா மகளுக்கு ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டில் சண்டைகளைவிட உழைப்பும் குடும்பமும் வரும் இடங்கள்தான் பிடித்தன. அதை எழுதிய ஹிரோமு அரகாவா ஹொக்கைடோவில் பால் பண்ணையில் வளர்ந்தவர். அவரே சில்வர் ஸ்பூனும் எழுதினார். நகரத்துப் பையன் விவசாயப் பள்ளியில் சேர்ந்து, தான் பெயர் வைத்து வளர்க்கும் பன்றிக்குட்டி ஒருநாள் இறைச்சியாகும் என்பதோடு மல்லுக்கட்டுகிறான். தோட்டம், மாடு, கூலி என்று வளர்ந்தவர்களுக்கு எதையும் விளக்கவே வேண்டாம். அவள் அதைக் கீழே வைக்கவேயில்லை.

படி 4: நேரம், வயது, வடிவம்

இதைச் சட்டென்று பார்த்துவிடலாம். ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம் ஆயிரம் எபிசோடைத் தாண்டிய ஒன் பீஸை நீட்டாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அட்டாக் ஆன் டைட்டன் வேண்டவே வேண்டாம், ரத்தம் அதிகம். ஃபுல்மெட்டலில் எந்தத் தொடர் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 2003இல் வந்தது மங்கா முடியும் முன்பே தன் போக்கில் போய்விட்டது, 2009இல் வந்த 64 எபிசோடுதான் மங்காவை ஒட்டியது. அப்புறம், மங்கா புதிதாக வாசிப்பவருக்கு வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படி 5: ஒன்றே ஒன்று சொல்லுங்கள்

பத்துப் பெயர் கொடுத்தால் ஒன்றையும் பார்க்க மாட்டார்கள். ஒரு பெயர், ஏன் அவருக்கு என்று இரண்டு வரி, ஒரு எச்சரிக்கை. “முஷிஷி மெதுவாகத்தான் போகும், ராத்திரி தனியாகப் பார்” என்பது போல. முடிவை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லாதீர்கள்.

படி 6: மறுபடி கேளுங்கள்

மூன்று எபிசோடுக்குப் பிறகு விசாரியுங்கள். பாதியில் விட்டிருந்தால், எந்த இடத்தில் விட்டார் என்பதுதான் அடுத்த துப்பு. மான்ஸ்டரின் கதை பிடித்தும் 74 எபிசோடு மலைக்க வைத்ததென்றால், இரேஸ்டு சொல்லுங்கள். ஒரு கொலையைத் தடுக்கத் தன் சிறுவயதுக்குத் திரும்புகிறவனின் கதை. 12 எபிசோடுதான், ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம்.