தைராய்டு மாத்திரை போடுகிறீர்களா? டீயைத் தள்ளி வையுங்கள்

தைராய்டு மந்தம் என்று டாக்டர் லெவோதைராக்சின் எழுதிக் கொடுத்திருந்தால், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டினாலும் சரி, தெருமுனை கிளினிக்கில் காட்டினாலும் சரி, முதலில் அதைப் போடும் முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முறை தப்பினால் மருந்து குடலில் சரியாக ஏறாது, தைராய்டு மந்தமாக இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற டி.எஸ்.எச். அளவு இறங்காது, டோஸ்தான் ஏறிக்கொண்டே போகும்.

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும் குடித்து விழுங்குங்கள். அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை டீ, காபி, டிபன் எதுவும் வேண்டாம். விடியும் முன்னே காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிற அக்காக்களுக்கு, ஏலம் நடக்கிற இடத்தில் கையில் டீ வந்துவிடும், அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் கேட்டு இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எந்த வேளையாக இருந்தாலும் தினமும் அதே வேளை.

இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரி மருந்துகள் இதற்குப் பக்கத்திலேயே வரக்கூடாது. 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குகிற வழக்கம் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது, அதை நிறுத்தினாலே பலருக்கு ரிப்போர்ட் மாறும்.

இரண்டு வாரத்தில் அசதி போகவில்லையே என்று நீங்களாக இரண்டு மாத்திரை போடாதீர்கள். இந்த மாத்திரையில் இருக்கிற ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும், அளவு ஒரு நிலைக்கு வர நாளாகும், அதனால்தான் 6 முதல் 8 வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்டுக்கு 2 நாள் முன்பே அதை நிறுத்துங்கள், ரிப்போர்ட்டைத் தப்பாகக் காட்டிவிடும்.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

நாள் தள்ளிப்போனால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். முதல் சில மாதங்களுக்குக் குழந்தைக்குத் தாயின் ஹார்மோன்தான், டோஸை ஏற்ற வேண்டியிருக்கும். மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டே, பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.