ஏலகிரி மலையில் பைக் ஓட்டப் போகிறவர்களுக்கு

வேலூரிலிருந்து வாணியம்பாடி தாண்டும் வரை பெரிய வேலையே இல்லை, நெடுஞ்சாலையில் இடது ஓரமாகப் போனால் போதும். பொன்னேரியில் திரும்பி மலை ஏறத் தொடங்கியதும்தான் வண்டி ஓட்டுவது என்றால் என்னவென்று தெரியும். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், படிக்க ஆசையாக இருந்தால் அகலமான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டுப் படியுங்கள்.

ஏறும்போது வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி வளைவில் வண்டி திணறிய பிறகு கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கியரைத் தேடினால், பின்னால் ஆள் வேறு இருந்தால், வண்டி அப்படியே நின்று சாயும். 100 சிசி வண்டியில் இரண்டு பேர் என்றால் செகண்டு, முடியாவிட்டால் ஃபர்ஸ்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே இருக்க வேண்டும். இடது பக்க வளைவில் உள்ஓரத்தை ஒட்டிப் போகாதீர்கள், ஏற்றம் அங்கேதான் செங்குத்து, மண்ணும் ஜல்லியும் ஒதுங்கிக் கிடப்பதும் அங்கேதான். பஸ் திரும்ப முழு ரோடும் வேண்டும், அதனால் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

இறங்குவதுதான் கஷ்டம், பலர் அதைச் சுலபம் என்று நினைக்கிறார்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்தபடியே வராமல் வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, அப்புறம் விட்டுவிடுங்கள். ஸ்கூட்டியில் ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டு வேகமும் குறைந்தால் கிளட்ச் விலகி வண்டி உருள ஆரம்பிக்கும், எனவே அதில் பிரேக்குக்குத்தான் முழு வேலை. கருகல் வாடை வந்தால் நிறுத்தி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். குறுகலான இடத்தில் எதிரே வண்டி ஏறி வந்தால் வழிவிட வேண்டியது இறங்குகிற நீங்கள்தான், சட்டமும் அதுதான்.

பின்னால் உட்காருகிறவரிடம் ஒன்றே ஒன்று சொல்லி வையுங்கள்: வண்டி சாயும் பக்கமே சாய வேண்டும், பயந்து எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது. அப்புறம், ஹேண்டில்பாரில் தின்பண்டப் பையைத் தொங்கவிடாதீர்கள், வழியில் குரங்குகள் உண்டு.