தென்னமெரிக்கப் பழைய நோட்டுகள்: முத்திரை குத்திய தாளிலிருந்து தொடங்குங்கள்

தென்னமெரிக்க நோட்டுகளைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நாட்டுக்கு ஒன்றாக வாங்கிக் குவிக்கிறார்கள். அதைவிட ஒரே நாட்டைத் தேர்ந்துகொண்டு, அதன் பணம் எந்தெந்த ஆண்டில் பெயர் மாறியது, எத்தனை சுழிகளை இழந்தது என்று முதலில் குறித்துவைத்துவிட்டு வாங்குவதே நல்லது.

என் தேர்வு பிரேசில். அங்கே 1986இல் 1,000 குரூசெய்ரோ ஒரு குரூசாடோ ஆனது. 1989இல் 1,000 குரூசாடோ ஒரு குரூசாடோ நோவோ ஆனது. 1990இல் மதிப்பு மாறாமல் குரூசெய்ரோ என்ற பழைய பெயர் திரும்பியது. 1993இல் மேலும் மூன்று சுழிகள் போய்க் குரூசெய்ரோ ரெயால் வந்தது. 1994 ஜூலை 1 அன்று 2,750 குரூசெய்ரோ ரெயாலுக்கு ஒரு ரெயால் என்று கணக்கு முடிந்தது. 1994க்கு முந்தைய ஒவ்வொரு மாற்றத்தின்போதும், கைவசமிருந்த பழைய நோட்டுகளிலேயே புது மதிப்பை முத்திரையாகப் பதித்துப் புழக்கத்துக்கு விட்டார்கள். எழுத்தாளர் மஷாடோ டி அசிஸ் உருவம் கொண்ட 1,000 குரூசாடோ நோட்டில், ஒரு குரூசாடோ நோவோ என்ற முக்கோண முத்திரை இருக்கும். முத்திரை உள்ளதையும் இல்லாததையும் சேர்த்தே வாங்குங்கள். தனியாக இருந்தால் பாதிக் கதைதான்.

பொலிவியா இன்னும் கடுமை. 1987இல் பத்து லட்சம் பெசோ ஒரு பொலிவியானோ ஆனபோது, 10,000 பெசோ நோட்டு ஒரு சென்டாவோ (பொலிவியானோவில் நூறில் ஒரு பங்கு) என்ற முத்திரையோடு சில்லறையாகிவிட்டது. பெருவின் 50 லட்சம் இன்டி நோட்டோ 1991இல் வெறும் 5 நியூவோ சோலுக்குச் சமமானது. போருக்குப் பின் செல்லாமற்போன ஜப்பானியர் கால வாழைமர நோட்டைப் பெட்டியில் பார்த்து வளர்ந்த நம் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இது புரியாத கதையன்று.

பணவீக்க கால நோட்டுகள் பல, புழங்காத நிலையிலேயே சில வெள்ளிக்குக் கிடைப்பதால், மடிப்பு விழுந்ததற்குக் காசு கொடுக்காதீர்கள். நோட்டைச் சாய்த்து விளக்கில் பார்த்தால், அழுத்தித் தேய்த்து மறைத்த மடிப்பும் தெரிந்துவிடும். செல்லாத இந்நோட்டுகளை நாணய மாற்று வணிகர் வாங்கமாட்டார். விற்க நினைத்தால் சேகரிப்பாளரைத்தான் தேட வேண்டும்.

சிங்கப்பூரில் பெரிய எதிரி ஈரக்காற்று. பிவிசி உறை காலப்போக்கில் பிசுபிசுத்துத் தாளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பாலியெஸ்டர் உறையே வேண்டும்; கேமரா வைக்கும் ஈரப்பதக் கட்டுப்பாட்டுப் பெட்டி வீட்டில் இருந்தால், அதன் ஒரு தட்டை இதற்கு ஒதுக்கி, அளவை 50 விழுக்காட்டையொட்டி வையுங்கள்.