புயல் பாதித்த ஊருக்கு வீடு கட்டப் போகிறவர்களுக்கு: முதல் நாளில் செய்ய வேண்டியவை

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் ஆயிரக்கணக்கில் சரிந்தன. அடுத்து வந்த வாரங்களில் வேதாரண்யம் பக்கம் வேன் பிடித்துப் போய் இறங்கிய பல குழுக்களில் எங்களுடையதும் ஒன்று. வேலையை அங்கிருக்கும் மேஸ்திரி சொல்லிக்கொடுத்துவிடுவார். போய் இறங்கும் நாளில் எப்படி நடந்துகொள்வது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதால், இனிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்பே ஊராட்சித் தலைவரிடமோ, கிராம நிர்வாக அலுவலரிடமோ, அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் குழுவிடமோ பேசி, எத்தனை பேர் தேவை, எங்கே தங்குவது, பெண்களுக்குக் கழிப்பறை வசதி உண்டா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கஜாவுக்குப் பிறகு மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லாத ஊரில் ஏ.டி.எம். இயங்காது, மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீரும் ஏறாது. ஆகவே சில்லறையாகப் பணம், குடிநீர் கேன்கள், டார்ச் விளக்கு, கனமான அடி கொண்ட காலணி, தோல் கையுறை ஆகியவற்றைக் கையோடு கொண்டு போக வேண்டும். துருப்பிடித்த ஆணி குத்தாமல் இந்த வேலை முடிவதில்லை என்பதால், ரணஜன்னியைத் தடுக்கும் டி.டி. ஊசி போட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று மருத்துவரிடம் சொல்லி, மறுபடி போட வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

பொழுது இருக்கும்போதே ஊருக்குள் நுழைவது நல்லது. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஊரே சொன்னாலும் தொடாதீர்கள். எங்கோ ஒரு வீட்டில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்துகூட அதில் மின்சாரம் பாயலாம். விழுந்த மட்டைகளுக்கும் ஓட்டுக் குவியலுக்கும் அடியில் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கும். நீளமான கழியால் கிளறிவிட்ட பிறகே கை வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை நொறுங்கிக் கிடந்தால், அதைத் தண்ணீர் தெளித்து நனைத்து, பி-100 அல்லது எஃப்.எஃப்.பி-3 வகை முகக்கவசம் அணிந்துகொண்டு (என்-95 இதற்குப் போதாது) முழுத் துண்டுகளாகவே எடுக்க வேண்டும். உடைப்பதும் துடைப்பத்தால் கூட்டுவதும் அதன் நாரைக் காற்றில் பறக்கவிட்டு நுரையீரலைக் கெடுக்கும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இடிந்து கிடப்பது குப்பை அல்ல, ஒருவருடைய வீடு. இறங்கிய வேகத்தில் நாங்கள் ஒரு வீட்டு வாசலில் கிடந்த ஓடுகளை அள்ளி ஓரமாகக் கொட்டத் தொடங்கினோம். அந்த வீட்டு அம்மா ஓடி வந்து, "தம்பி, அது தேறின ஓடுப்பா" என்றார். விரிசல் இல்லாத ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலித்தவற்றை மட்டும் பல நாட்களாக அவர் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார். நாங்கள் கொட்டியதில் பாதி உடைந்துபோனது. அவர் எங்களைத் திட்டவில்லை. உட்கார்ந்து மறுபடி பொறுக்கத் தொடங்கினார். அன்று முதல், வீட்டுக்காரரை அருகில் நிறுத்திக்கொண்டு, எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று கேட்காமல் நாங்கள் எதையும் எடுத்ததில்லை.

அப்படிக் கேட்டால் கிடைப்பது ஓடு மட்டுமல்ல. ரேஷன் அட்டை, பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் மண்ணுக்குள் இருக்கும், நிவாரணம் கேட்கப் போகும்போது அவையே கைகொடுக்கும். நனைந்த தாள்களை இழுத்துப் பிரிக்காமல், நிழலில் காற்றாட வைத்து, காயக் காயப் பிரிக்க வேண்டும். விழுந்த தென்னையின் பச்சை மட்டையும் வீணல்ல. நெடுக்காகப் பிளந்து ஊறவைத்துப் பின்னினால் அதுவே கூரைக்குக் கீற்று. அதைப் பின்னத் தெரிந்த கைகள் அந்த ஊரிலேயே இருக்கும், அவர்களுக்குக் கூலி கொடுத்துப் பின்னச் சொல்லுங்கள்.

யார் வீட்டை முதலில் எடுப்பது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சாலையோரத்து வீடுகளே வருகிறவர்களின் கண்ணில் படும், உள்ளே தள்ளியிருக்கும் தெருக்களுக்கு உதவி கடைசியாகத்தான் போய்ச் சேரும். எனவே ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு கடைசித் தெரு வரை நடந்து பார்த்துவிட்டு, ஊரார் முன்னிலையில் பட்டியல் போடுங்கள். கட்டித் தருகிறோம் என்று எவருக்கும் அன்றே வாக்குக் கொடுக்க வேண்டாம். கேட்காமல் படமும் எடுக்க வேண்டாம்.

அவர்கள் வீட்டு அரிசியில் நீங்கள் சாப்பிடக் கூடாது. அரிசி, பருப்பை உள்ளூர்க் கடையிலேயே வாங்கிச் சமைத்தால் அந்தக் கடைக்கும் நாலு காசு சேரும். படுக்கப் போகுமுன் குழுவில் யாருக்காவது வெட்டுக்காயம் உண்டா என்று பார்த்து, சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டுங்கள். மறுநாள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதை அன்றிரவே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டால், அவர் மூங்கிலும் கயிறும் அதற்கேற்ப எடுத்து வைப்பார்.